ஆளில்லா மைதானத்தில் ஓர் ஆட்டம்



கூட்டம் கூடுவதில் நம்மவர்களுக்கு உள்ள ஆர்வம் உலகறிந்தது. தேர் நகர்ந்தால் ஊரே வடம் பிடிக்க வரும். கூத்து நடந்தால் விடியும் வரையில் திடலில் ஒரு சாண் இடம் காலியாக இராது. கிரிக்கெட் என்னும் பந்தாட்டமும் நம் நாட்டில் அத்தகைய திருவிழாவாகவே ஆகிவிட்டது. இந்தியாவும் வேறொரு நாடும் ஆடுகின்றன என்றால் நுழைவுச் சீட்டுக்கு முதல் நாள் இரவே வரிசை நிற்கிறது. ஆனால், இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தத் திருவிழாக் கிரிக்கெட்டைப் பற்றியன்று. பல்லாயிரம் பேர் அமரத்தக்க அரங்கில் இருபது முப்பது பேர் ஆங்காங்கே வெயில் தேடி உட்கார்ந்திருக்க, நாள் முழுவதும் அமைதியாக நடந்தேறும் ஆட்டங்களைப் பற்றியே சில நினைவுகளைச் சொல்ல விரும்புகிறேன். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆட்டம், பல்கலைக்கழக ஆட்டம், ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஆகிய மூன்றும் இந்த வகையைச் சேர்ந்தவை.

முதலில் கல்லூரி ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970-களின் பிற்பகுதியில் நான் சென்னையில் பயின்றேன். எங்கள் கல்லூரி மைதானத்தில் புல்தரை ஆடுகளம் கிடையாது. கெட்டித்த செம்மண்ணின்மேல் தென்னங்கயிற்றுப் பாயை விரித்து, ஓரங்களில் இரும்பு முளைகளை அடித்து இறுக்குவார்கள். பந்து அந்தப் பாயில் பட்டு எழும்பும் வேகமும் உயரமும் புதிதாக வருகிற ஆட்டக்காரரைத் திகைக்கவைக்கும். எல்லைக்கோடு என்பது சுண்ணாம்புத் தூளால் போட்ட ஒரு கோடு. பிற்பகலுக்குள் காற்றும் ஆடுமாடுகளும் சேர்ந்து அதைப் பாதி அழித்துவிடும். வேப்பமரத்தடியில் ஒரு மேசை. அதன்மேல் ஸ்கோர் புத்தகம். பக்கத்தில் எண்கள் எழுதிய தகரத் தகடுகள் தொங்கும் ஒரு கரும்பலகை. அரங்கம் என்று சொல்லத்தக்கது அவ்வளவுதான்.

பார்க்க வருகிறவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? விரல்விட்டு எண்ணிவிடலாம். மட்டை பிடிக்கத் தம் முறை வருவதற்காகக் காத்திருக்கும் ஆட்டக்காரர்கள். பகல் சமையலை முடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வரும் விடுதிச் சமையற்காரர். வகுப்பு இல்லாத நேரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கும் ஒரு கணிதப் பேராசிரியர். ஆட்டத் திறமை இன்றி, ஆசை மட்டும் உடைய என்னைப் போன்ற நாலைந்து மாணவர்கள். இந்தப் பார்வையாளர்களுக்கு வெறுமனே உட்கார்ந்து பார்க்கும் சுகம் வாய்ப்பதில்லை. பந்து முட்புதருக்குள் போனால் தேடிக் கொடுக்க வேண்டும். ஸ்கோர் எழுதுகிறவர் சாப்பிடப் போனால் அந்தப் பென்சிலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சில நாட்களில் ஒரு பக்கத்து நடுவராகவும் நிற்க நேரும். பதினாயிரம் பேருக்கு நடுவே உட்கார்ந்தவன் எழுந்து போனாலும் ஆட்டத்துக்குக் குறைவில்லை. பத்துப் பேரில் ஒருவன் எழுந்து போனால், அடுத்த பந்து புதரில் விழும்போது அவன் இல்லாத குறை தெரிந்துவிடும்.

இத்தகைய மைதானங்களைச் சிறியவை என்று தள்ளிவிடலாகாது. நம் நாட்டின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இவற்றின் வழியாகவே நடந்து போயிருக்கிறார்கள். சுழற்பந்து வீச்சாளர் வெங்கட்ராகவனும், தொடக்க ஆட்டக்காரர் ஸ்ரீகாந்தும் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் மாணவர்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையே 1935-36 முதல் நடந்துவரும் ரோஹின்டன் பாரியா கோப்பைப் போட்டி, ஒரு தலைமுறைக்கு இந்திய அணியின் வாயிற்படியாகவே இருந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அஜித் வாடேகர் அடித்த 324 ரன்களையும், பின்னர் அதே பல்கலைக்கழகத்துக்காகச் சுனில் கவாஸ்கர் அதைத் தாண்டி அடித்த 327 ரன்களையும் பழைய ரசிகர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். பின்னாளில் கவாஸ்கரின் பெயரைச் சொன்னாலே அரங்குகள் நிரம்பின. அந்தப் பெயரை உலகம் அறியுமுன்பே அவர் ஆட்டத்தைக் கண்டு தலையசைத்தவர்கள் கல்லூரி மைதானங்களில் நின்ற சிலரே.

அடுத்து ரஞ்சிக் கோப்பை. 1933-இல் காலமான நவாநகர் அரசர் ரஞ்சித்சிங்ஜியின் பெயரால் ஏற்பட்டது இந்தப் போட்டி. கோப்பையை வழங்கியவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். இதன் முதல் ஆட்டம் நடந்த இடம் நம் சென்னைச் சேப்பாக்கம் என்பதில் தமிழருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சென்னையும் மைசூரும் மோதின. எம். ஜே. கோபாலன் முதற்பந்தை வீசினார். மைசூர் 48 ரன்களுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுபடியும் ஆடி 59-இல் முடிந்தது. பல நாள் ஆட வேண்டிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. முப்பத்தைந்து ரன்கள் மட்டுமே கொடுத்து பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்திய வீரர் ஏ. ஜி. ராம்சிங். பெயரின் முதலெழுத்திலேயே அமிர்தசரஸைச் சுமந்துவந்த சீக்கியக் குடும்பத்தவர் அவர்; ஆடியதோ சென்னைக்காக. வடக்கிலிருந்து வந்தவர் தெற்கின் மானம் காத்த கதை, தெற்கிலிருந்து வடக்கே வந்து வாழும் நமக்குச் சற்று கூடுதலாகவே இனிக்கிறது.

சென்னை அணி முதன்முறை கோப்பையை வென்றது 1954-55-இல். பாலு அளகண்ணனின் தலைமையில் இந்தூருக்குச் சென்று, ஹோல்கர் அணியை அதன் சொந்த ஊரிலேயே 46 ரன் வித்தியாசத்தில் வென்று திரும்பியது. அடுத்த வெற்றிக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1987-88-இல் வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியை வீழ்த்தித் தமிழ்நாடு மீண்டும் கோப்பையைப் பெற்றது. இடையில் பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து பதினைந்து முறை வென்று, மற்ற அணிகளை ஏங்கவைத்தது. அந்தப் பதினைந்தில் கடைசி வெற்றி சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கு எதிராகக் கிடைத்தது. பத்மாகர் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து எட்டு விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். மூன்றாம் நாளின் முதற் பந்திலேயே ஆட்டம் முடிந்துவிட்டது.

உத்தியோக நிமித்தம் நான் தில்லிக்கு வந்த பிறகு, குளிர்காலத்தில் விடுமுறை கிடைத்த நாட்களில் பிரோஸ் ஷா கோட்லா மைதானமே எனக்குப் புகலிடமாயிற்று. 2019-இல் அதற்கு அருண் ஜேட்லி அரங்கம் என்று பெயர் மாற்றினார்கள். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகள் அருகிலேயே உள்ளன. அசோகச் சக்கரவர்த்தியின் கல்தூண் ஒன்றும் அங்கே நிற்கிறது. தமிழருக்கும் அந்த மைதானம் அந்நியமன்று. வி. வி. குமார் 1961-இல் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட்டிலேயே ஐந்து விக்கெட் வீழ்த்தியதும், பத்தொன்பது வயது இளைஞராயிருந்த வெங்கட்ராகவன் 1965-இல் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்ததும் அங்கேதான். புது தில்லி ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள கர்னெய்ல் சிங் மைதானம் மற்றொன்று. அது ரயில்வே அணியின் வீடு. சென்னையில் பிறந்து, ரயில்வே அணிக்காக நெடுங்காலம் பந்து வீசிய முரளி கார்த்திக்கை அங்கே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ரஞ்சி ஆட்டத்துக்குப் போவதற்குப் பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டியதில்லை. பெரும்பாலும் சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. வாயிற்காவலர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், "ஆட்டம் பார்க்கவா?" என்று வியப்போடு கேட்டுவிட்டு வழிவிடுவார். உள்ளே போனால் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். காலையில் கிழக்கு வெயில் படும் படிகளில் உட்கார்ந்து, சூரியன் நகர நகர நாமும் நகர்ந்து, மாலைக்குள் மைதானத்தைப் பாதி சுற்றிவிடலாம். ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை, இரண்டு ஆரஞ்சுப் பழம், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம். ஒரு நாளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? சில நாள் மூடுபனி விலகும்வரை ஆட்டமே தொடங்காது. 2016 நவம்பரில் புகைமூட்டம் மிகுந்து, தில்லியின் இரு மைதானங்களிலும் நடக்கவிருந்த இரண்டு ரஞ்சி ஆட்டங்கள் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டன.

கூட்டமில்லாத அரங்கில் கிடைக்கும் முதற் பேறு, ஓசை. பெரிய ஆட்டத்தில் நாம் கேட்பது கூட்டத்தின் ஓசை ஒன்றையே. இங்கே பந்து மட்டையின் நடுவில் பட்டதா, விளிம்பில் பட்டதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பந்து வீச்சாளரின் பூட்ஸ் தரையில் பதியும் ஓசை, நடுவரிடம் அவர் முறையிடும் குரல், தவறவிட்டவனைத் தோழன் தேற்றும் சொல், எல்லாமே காதில் விழும். ஆட்டக்காரர்கள் நமக்குப் படத்தில் உள்ள உருவங்களாக இல்லாமல், வேலை செய்யும் மனிதர்களாகத் தெரிவார்கள். தச்சுப் பட்டறையின் வாசலில் நின்று உளியின் ஓசை கேட்பதைப் போன்றது அது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2001-02 வரையில் ரஞ்சிப் போட்டியின் தொடக்க ஆட்டங்கள் மண்டல வாரியாகவே நடந்தன. தமிழ்நாடு தெற்கு மண்டலம். தில்லி வடக்கு மண்டலம். அதனால் மண்டலத்தைக் கடந்து முன்னேறினாலன்றி நம்மூர் அணியைத் தில்லியில் காண இயலாது. 2002-03-இல் மண்டல முறை நீங்கிய பின்னரே தொலைதூரத்து அணிகள் ஒன்றையொன்று அடிக்கடி சந்திக்கத் தொடங்கின. அதன் பிறகு ஒரு குளிர்காலத்தில் தமிழ்நாட்டு அணி கோட்லாவில் ஆடியது. விக்கெட்டுக்குப் பின்னால் இருந்த நம்மூர்ப் பிள்ளை, பந்து வீச வந்த தோழனிடம், "மேல போடுடா, இறங்கி வரமாட்டான்" என்று குரல் கொடுத்தான். தில்லி மைதானத்தின் நட்டநடுவில், திறந்த வெளியில், தயக்கமில்லாத சென்னைத் தமிழ்! அலுவலகத்தில் ஆங்கிலம், கடைவீதியில் இந்தி, வீட்டுக்குள் மட்டும் தமிழ் என்று பகுத்து வைத்துக்கொண்டு வாழ்கிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்பதாயிரம் பேர் கூச்சலிடும் அரங்கில் அது என் காதில் விழுந்திருக்குமா?

எனக்கு இரண்டு படி கீழே ஒரு பஞ்சாபிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறவர். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் பந்துக்குப் பந்து தம் கையாலேயே ஸ்கோர் எழுதுவார். அவர் திரும்பி, "அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். நான் பொருளைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நல்லவேளை, எங்கள் மட்டைக்காரனுக்குத் தெரியாது. நானும் சொல்லமாட்டேன். அது நியாயமில்லை" என்றார். ஓர் ஓவருக்குள் அந்த மட்டைக்காரர் விக்கெட்டை இழந்தார். பெரியவர் தம் நோட்டில் அதை எழுதிவிட்டு, மீண்டும் திரும்பி என்னைப் பார்த்து ஒரு கண் சிமிட்டினார்.

அன்று தொடங்கிய பழக்கம் சில ஆண்டுகள் நீடித்தது. அவர் லாகூரில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு லாரன்ஸ் தோட்டத்து மைதானத்தில் வட இந்தியா என்னும் அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர். 1934-35-இல் முதல் ரஞ்சி இறுதியாட்டத்தில் பம்பாயை எதிர்த்து நின்றது அந்த அணி. 1947-இல் எல்லைக்கோடு விழுந்தது. அணியும் ரஞ்சிப் பட்டியலிலிருந்து மறைந்தது. ஒரு நாள், "உங்களுக்கு யார் வெல்ல வேண்டும்?" என்று அவரைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உன் ஊரும் இருக்கிறது, உன் அணியும் இருக்கிறது. என் ஊர் இருக்கிறது, நான் போக முடியாது. என் அணியோ இல்லவே இல்லை. அதனால் யார் ஆடினாலும் நன்றாக ஆட வேண்டும் என்று பார்க்கிறேன்" என்றார். அணியை இழந்தபின்னும் ஆட்டத்தை இழக்காத அந்த மனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு குளிர்காலத்தில் அவர் வரவில்லை. அதை முதலில் கவனித்தவர் வாயிற்காவலர். "நோட்டுப் புத்தகக்காரர் எங்கே?" என்று என்னிடம் கேட்டார். அவர் வீடு எது என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டும் அவர் வரவில்லை. பெரிய கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் கணக்கில் வராது; முப்பது பேரில் ஒருவர் குறைந்தால் படிக்கட்டே அதைச் சொல்லிவிடுகிறது.

இந்த ஆட்டங்களுக்கு ஏன் ஆள் வருவதில்லை? காரணம் காண்பது கடினமன்று. ஒரு ரஞ்சி ஆட்டம் நான்கு நாள் நடக்கிறது. அந்த நான்கும் பெரும்பாலும் வேலை நாட்களை விழுங்கிவிடுகின்றன. புகழ்பெற்றவர்கள் இந்திய அணியோடு வெளியூர் போயிருப்பார்கள். 2008-இல் தொடங்கிய ஐ.பி.எல். ஆட்டம் மூன்று மணி நேரத்தில் விளக்கொளியில் முடிந்துவிடுகிறது. ரஞ்சியின் கணக்கோ பொறுமையைக் கேட்பது. முழு வெற்றிக்கு ஆறு புள்ளிகள். ஆட்டம் முடிவின்றி நின்றால், முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கு மூன்று, பிந்தியதற்கு ஒன்று. நாக்-அவுட் ஆட்டம் முடிவின்றி நின்றால், முதல் இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் முந்தினாலும் அதுவே வெற்றி. ஆகவே, இரண்டு நாள் தூங்குவதுபோல் தோன்றும் ஆட்டம் திடீரென்று ஒரே பந்தில் உயிர் பெற்றுவிடும். நான் தில்லிக்கு வருவதற்கு முன்பு, 1981-82 இறுதியாட்டத்தில், கர்நாடகம் இதே கோட்லாவில் 705 ரன் குவித்தது. தில்லிக்கு எட்டு விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. ராகேஷ் சுக்லாவும் ராஜேஷ் பீட்டரும் அசையாமல் நின்று ஆடி, 707-க்குக் கொண்டுபோய்க் கோப்பையை வென்றார்கள்.

அண்மை எடுத்துக்காட்டு ஒன்று. 2025 பிப்ரவரியில் அகமதாபாதில் கேரளமும் குஜராத்தும் அரையிறுதியில் ஆடின. உலகிலேயே மிகப் பெரிய கிரிக்கெட் அரங்கம் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். இருக்கைகளில் மிகப் பெரும்பகுதி காலி. கேரளம் 457. குஜராத் 455-இல் கடைசி விக்கெட்டோடு நின்றது. மட்டைக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலே எழும்பி, கேரளத் தலைவர் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. அந்த இரண்டு ரன்னால் கேரளம் முதன்முறையாக ரஞ்சி இறுதியாட்டத்துக்குப் போயிற்று. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்ததனால் அதன் பெருமை ஓர் அணுவளவும் குறையவில்லை.

அதே ஆண்டு ஜனவரியின் இறுதியில் தில்லியில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று நடந்தது. விராட் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரஞ்சி ஆட வந்தார். எதிரணி ரயில்வே. இலவச அனுமதி என்றதும் விடியலிலேயே வாயில்களில் நெரிசல். நான் வழக்கமாக உட்காரும் படிகளில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் கோலி ஆறு ரன் எடுத்திருந்தபோது, ஹிமான்ஷு சங்வான் வீசிய பந்து அவர் விக்கெட் குச்சியைப் பெயர்த்தெறிந்தது. சற்று நேரத்துக்கெல்லாம் படிகள் காலியாகத் தொடங்கின. போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் ஒரு மனிதரைப் பார்க்க வந்தார்கள், பார்த்தாயிற்று, போனார்கள். ஆனால் அந்த ஆட்டம் தொடர்ந்தது. தில்லி இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அதைக் கடைசிவரை பார்த்தவர்கள் பழைய முப்பது நாற்பது பேர்தாம்.

கூட்டமே காணாமல் வாழ்நாள் முழுவதும் ஆடி முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இன்றுவரை அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. அவர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1974-இல் பெங்களூர் டெஸ்ட்டில் பிஷன் சிங் பேடி சேர்க்கப்படாதபோதும் அந்த இடம் கோயலுக்குக் கிடைக்கவில்லை. அவர் 2020-இல் காலமானார். முன்னே சொன்ன சிவால்கரும் அப்படியே. டெஸ்ட் தொப்பி அணியாமலே 2025 மார்ச்சில் மறைந்தார். அமோல் முஜும்தார் 1994-இல் பரிதாபாதில் தம் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 ரன் அடித்தார். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முதல்தர ரன்களைச் சேர்த்தார். இந்திய அணியின் அழைப்பு வரவேயில்லை. ஆனால் காலம் அவருக்கு வேறொரு கதவைத் திறந்தது. 2025 நவம்பர் 2-ஆம் தேதி, நிரம்பி வழிந்த நவி மும்பை அரங்கில், இந்திய மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியின் பயிற்சியாளராக நின்றவர் முஜும்தார். காலி மைதானங்களில் அவர் கற்றது அன்று பயன் தந்தது என்று எண்ணுகிறேன்.

வருவாய் விஷயத்தில் நிலைமை முன்னைவிடத் தேறியிருக்கிறது. கோயல் காலத்தவர்கள் வங்கியிலோ ரயில்வேயிலோ கிடைத்த உத்தியோகத்தைக் கொண்டு குடும்பம் நடத்தியவர்கள். 2021-இல் கிரிக்கெட் வாரியம் அறிவித்தபடி, அணியில் ஆடும் ஒரு ரஞ்சி ஆட்டக்காரருக்கு அவருடைய அனுபவத்துக்கேற்ப ஆட்ட நாள் ஒன்றுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை கிடைக்கிறது. நல்லது. ஆயினும் கவனித்துப் பார்க்கும் ஒரு கண் இல்லாமையைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது.

இதை நாம் நன்றாக உணர்ந்த ஓராண்டு உண்டு. பெருந்தொற்று பரவியபோது, 2020-21-ஆம் ஆண்டின் ரஞ்சிப் போட்டியே கைவிடப்பட்டது. 1934-இல் தொடங்கியதிலிருந்து, உலகப் போரின்போதுகூட நிற்காத போட்டி அது. அதே 2020-இல் ஐ.பி.எல். ஆட்டங்களைப் பார்வையாளரே இல்லாமல் ஐக்கிய அரபு நாடுகளில் நடத்தினார்கள். தொலைக்காட்சியில் பார்ப்போருக்காகக் கூட்டத்தின் ஆரவாரத்தைப் பதிவு செய்து ஒலிக்கவைத்தார்கள். கூட்டத்துக்குப் பழகிய ஆட்டத்துக்குப் பொய்யோசையேனும் தேவைப்பட்டது. ரஞ்சி ஆட்டக்காரர்களுக்கு அந்த மௌனம் புதிதன்று. அவர்கள் இழந்தது ஆட்டத்தையே.

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் இந்த ஆட்டக்காரர்களுக்கும் ஓர் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாம் இங்கே காலையில் எழுந்து, குளிரிலும் வெயிலிலும் வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து, அவர்கள் வாயில் தமிழ் தங்க வேண்டும் என்று பாடுபடுகிறோம். ஊரில் உள்ள உறவினர் இதில் எதையும் காண்பதில்லை. ஆண்டுக்கொரு முறை பெட்டியும் பையுமாக ரயிலிலிருந்து இறங்கும்போது மட்டுமே நம்மைக் காண்கிறார்கள். நம் வாழ்க்கையின் பெரும்பகுதி காலி அரங்கில் நடக்கும் ஆட்டமே. அதனால் நாம் சோர்ந்துவிடுவதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனால், அன்று முழுவதும் மனம் நிறைந்திருக்கிறதல்லவா?

அந்த நலம் விசாரிப்பை நாமும் செய்யலாம். அக்டோபர் முதல் நாட்டின் பல ஊர்களில் ரஞ்சி ஆட்டங்கள் தொடங்கிவிடும். கொல்கத்தாவிலோ மும்பையிலோ, நாகபுரியிலோ இந்தூரிலோ, கான்பூரிலோ ராஜ்கோட்டிலோ நீங்கள் இருக்கலாம். தமிழ்நாட்டு அணி வருகிறதா என்று பத்திரிகையில் பாருங்கள். வராவிட்டாலும் பாதகமில்லை; அந்த ஊர் அணி ஆடுமே, அதுவும் இப்போது நம் அணிதானே! அருகில் உள்ள கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் ஆடினால், அதுவும் போதும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் வெயிலில் உட்காருங்கள். நல்ல பந்து ஒன்று விழுந்தால் கை தட்டுங்கள். வெற்றிடத்தில் அந்தக் கைதட்டல் நெடுந்தூரம் கேட்கும். எல்லைக்கோட்டருகே நிற்கும் இளைஞன் திரும்பிப் பார்ப்பான். பந்து உங்கள் பக்கமாக உருண்டு வந்தால் எடுத்து அவனிடம் போடுங்கள்.